உதவித்தொகைக் கடிதத்தில் ஒரு வாக்கியம்: அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் ஊர்தோறும் தமிழ்ச் சங்கங்களையும் கல்வி அறக்கட்டளைகளையும் நடத்திவரும் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில், பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு நீங்கள் உதவித்தொகை வழங்குகிறீர்கள். அந்தப் பணம் எப்படிச் சேர்கிறது என்பது எனக்குத் தெரியும். சித்திரை விழாவில் தோசைக் கல்லுக்குப் பின்னால் நானும் நின்றிருக்கிறேன். ஐந்து டாலர், பத்து டாலராகச் சேர்ந்த பணத்திலிருந்து ஆயிரம், இரண்டாயிரம் என்று எடுத்து ஒரு பிள்ளையின் கையில் கொடுக்கிறீர்கள். காசோலையோடு ஒரு கடிதமும் போகிறது. அந்தக் கடிதத்தில் ஒரு வாக்கியத்தை மாற்றுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

"இத்தொகையைக் கல்விக் கட்டணத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்." என் கண்ணில் பட்ட கடிதங்கள் பலவற்றில் இந்த வாக்கியம் இருந்தது. நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் இதே வாக்கியம் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு 2,500 டாலர் வரை இழப்பை உண்டாக்கிவிடலாம். என் வீட்டிலேயே அது நடந்தது.

என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆண்டு கட்டணம் 11,000 டாலர். கல்லூரியே 7,000 டாலரைத் தள்ளுபடி செய்தது. மீதி 4,000 டாலரை ஓர் அறக்கட்டளை கொடுத்தது. கட்டணம் மட்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தது. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் கடன் வாங்கினோம். கட்டணம் முழுதும் தீர்ந்துவிட்டதே என்று நிம்மதியாக இருந்தோம். வரிக் கணக்கு எழுதும்போது, கல்லூரிச் செலவுக்காக அரசு கொடுக்கும் வரிக் கிரெடிட்டை, அதாவது கட்ட வேண்டிய வரியிலேயே குறைத்துத் தரும் சலுகையை, கேட்கலாம் என்று உட்கார்ந்தேன். கட்டணத்தில் எங்கள் கையிலிருந்து ஒரு டாலரும் போகவில்லை, அதனால் கிரெடிட்டும் இல்லை என்று கணக்கு காட்டியது. புத்தகத்துக்கான ரசீதுகளைத் தேடியதில் 340 டாலருக்குத்தான் கிடைத்தன. அந்த 340 டாலருக்கு மட்டும் கிரெடிட் வந்தது.

அடுத்த குளிர்காலத்தில், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இலவசமாக வரிக் கணக்கு எழுதித் தரும் வீட்டா திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். பயிற்சி வகுப்பில் உதவித்தொகைப் பாடம் வந்த அன்று இரவு, வீட்டுக்கு வந்ததும் பழைய கோப்பைத் திறந்து அந்தக் கடிதத்தை மறுபடி படித்தேன். "மட்டுமே" என்ற சொல் அங்கே இல்லாமல் இருந்திருந்தால், அந்த 4,000 டாலரை மகளின் விடுதிச் செலவாகக் காட்டியிருக்கலாம். அது அவளுடைய வருமானமாகியிருக்கும். கல்லூரி உணவகத்தில் அவள் சம்பாதித்த 3,100 டாலரோடு இதைச் சேர்த்தாலும் அவளுக்கு ஒரு டாலர்கூட மத்திய அரசு வரி வந்திருக்காது. கட்டணத்தில் 4,000 டாலரைக் கடன் பணத்திலிருந்து கட்டியதாக ஆகியிருக்கும். எங்களுக்கு முழுக் கிரெடிட்டான 2,500 டாலர் கிடைத்திருக்கும். கடிதத்தின் ஒரு சொல்லால் 2,160 டாலர் போயிற்று. அறக்கட்டளைக்குத் தொலைபேசியில் பேசினேன். "பணம் வேறு வழியில் செலவாகிவிடக்கூடாது என்றுதான் அப்படிப் போட்டோம், தம்பி. இதற்கு இப்படி ஒரு பக்கம் உண்டு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை" என்றார் எடுத்தவர். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கும்தான் யாரும் சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு காலத்தில் பட்டப்படிப்பு மாணவருக்குக் கிடைக்கும் உதவித்தொகை, சாப்பாட்டுச் செலவு உட்பட, பொதுவாக வரி இல்லாத பணமாக இருந்தது. 1986-ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டம் அதை மாற்றியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16-க்குப் பிறகு வழங்கப்பட்ட உதவித்தொகைகளில், கட்டணத்துக்கும், பாடத்துக்குக் கட்டாயமான புத்தகம், பொருள், கருவிகளுக்கும் செலவாகும் பகுதிக்கு மட்டும் வரி கிடையாது. விடுதி, உணவு, பயணம் ஆகியவற்றுக்குப் போகும் பகுதி மாணவரின் வருமானம். நம் வீடுகளில் பெரும்பாலோருக்கு இந்த அடிப்படையே தெரியாது. "ஸ்காலர்ஷிப்புக்கு வரி கிடையாது" என்று அடித்துச் சொல்பவர்களைப் பொங்கல் விழாவிலும் பார்த்திருக்கிறேன், பட்டமளிப்பு விருந்திலும் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி கிரெடிட் என்ற கல்வி வரிச் சலுகை. இளநிலைப் படிப்பின் முதல் நான்கு ஆண்டுகளில், கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் ஆகும் முதல் 2,000 டாலருக்கு முழுமையாகவும், அடுத்த 2,000 டாலருக்குக் கால்பங்காகவும் கிடைக்கும். மொத்தம் 2,500. இதில் 1,000 டாலர் வரை, கட்ட வேண்டிய வரியே இல்லாத குடும்பத்துக்கும் கையில் வரும். ஆனால் வரியில்லா உதவித்தொகையால் கட்டிய கட்டணத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒரே டாலருக்கு இரண்டு சலுகை கொடுக்க மாட்டார்கள், அது நியாயம்தான்.

இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் உங்கள் கடிதம் வருகிறது. உதவித்தொகையின் நிபந்தனை அனுமதித்தால், அதில் ஒரு பகுதியைத் தங்குமிடச் செலவுக்கு என்று ஒதுக்கி, தன் வருமானமாகக் காட்டும் உரிமை மாணவருக்கு உண்டு. நிபந்தனை அனுமதிக்காவிட்டால் அந்த உரிமை இல்லை. இது குறுக்கு வழியோ என்று சிலர் தயங்குகிறார்கள். இல்லை. அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். தன் 970-ஆம் வெளியீட்டில் எண்களைப் போட்டு உதாரணத்தோடு விளக்கியிருக்கும் வழிதான் இது.

நூலகத்தின் பின்னறையில், பிப்ரவரி மாதச் சனிக்கிழமை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர். தனியாகப் பிள்ளையை வளர்ப்பவர். பெண் கைப்பேசியில், கல்லூரி அனுப்பும் 1098-டி படிவத்தைத் திறந்து காட்டினாள். முதல் கட்டத்தில், கல்லூரிக்குக் கட்டிய தொகை 9,800. ஐந்தாம் கட்டத்தில், உதவித்தொகை 16,300. "இது சும்மா தகவலுக்குத்தானாம் அங்கிள், எங்கேயும் எழுத வேண்டாம் என்று என் தோழி சொன்னாள்" என்றாள். இந்தப் படிவத்தின் சிக்கலே இதுதான். எது வரிக்குரியது என்று அது சொல்வதில்லை. இரண்டு எண்களைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறது. ஐந்தாம் கட்டம் முதல் கட்டத்தைவிடப் பெரிதாக இருந்தால் அங்கே ஒரு கேள்வி இருக்கிறது என்பதை மாணவர்தான் கண்டுகொள்ள வேண்டும்.

வித்தியாசம் 6,500. புத்தகங்களையும், ஆய்வகத்துக்குக் கட்டாயமான அங்கி, கண்ணாடி ஆகியவற்றையும் கேட்டேன். மின்னஞ்சலில் தேடித் தேடி 720 டாலருக்கு ரசீது எடுத்தாள். மீதி 5,780 டாலர் அவளுடைய வருமானம். கல்லூரி நூலகத்தில் வேலை செய்து வாங்கிய சம்பளம் 3,400. மொத்தம் 9,180. பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவருக்கு நிலையான கழிவு, அதாவது வரி போடுவதற்கு முன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகை, எவ்வளவு என்றால், உழைத்து ஈட்டிய வருமானத்தோடு 450 டாலர், உச்சவரம்பு 2025-ஆம் ஆண்டுக் கணக்கில் 15,750. இந்தக் கழிவைக் கணக்கிடும்போது வரிக்குரிய உதவித்தொகையையும் உழைத்து ஈட்டியதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆக, கழிவு 9,630. வரி இல்லை. சம்பளத்தில் பிடித்த சிறு தொகையும் திரும்பி வரும்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் தாயின் கணக்கில் கல்விக் கிரெடிட் பூஜ்யமாக இருந்தது. "உதவித்தொகை தந்தபோது ஒரு கடிதம் வந்திருக்குமே, அது இருக்கிறதா?" என்று கேட்டேன். நாற்பது நிமிடம் தேடினோம். பழைய மின்னஞ்சல் ஒன்றில், மூன்றாம் பக்கத்தில் கிடைத்தது. கட்டணம், தங்குமிடம், உணவு, பிற கல்விச் செலவுகள் எதற்கும் பயன்படுத்தலாம் என்று எழுதியிருந்தது. இன்னும் 4,000 டாலரை அவளுடைய வருமானத்தில் சேர்த்தோம். மொத்தம் 13,180, கழிவு 13,630. அப்போதும் வரி இல்லை. தாயின் கணக்கில் கிரெடிட் வந்து உட்கார்ந்தது. அந்த அம்மா மூன்று முறை கேட்டார்: "பின்னாடி ஏதும் கடிதம் வந்து நிற்காதே அண்ணா?" வராது என்று சொல்லி, வெளியீட்டின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். மடித்துக் கைப்பையின் உள் அறையில் வைத்துக்கொண்டார்.

மாநில வரி சில இடங்களில் தனியாக வரும், அதையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லாருக்கும் 4,000 டாலரைச் சேர்ப்பது லாபம் என்றும் நான் சொல்லவில்லை. வரிக்குரிய உதவித்தொகை பெரிதாகப் போனால் இன்னொரு விதி குறுக்கே வரும். கழிவுக்காக உழைத்து ஈட்டியதாகக் கருதப்பட்ட அதே பணம், இங்கே உழைக்காத வருமானமாகிவிடுகிறது. 24 வயதுக்கு உட்பட்ட முழுநேர மாணவருக்கு அப்படிப்பட்ட வருமானம் 2,700 டாலரைத் தாண்டினால், 8615-ஆம் படிவம் போட்டு, கழிவு போக வரிக்கு வரும் பகுதிக்குப் பெற்றோரின் விகிதத்தில் வரி கட்ட வேண்டியிருக்கும். விடுதி, உணவு உட்பட எல்லாம் இலவசமாகப் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகள்தாம் பெரும்பாலும் இதில் மாட்டுகிறார்கள். அவர்களுடைய உதவித்தொகையில் யாரும் வரி பிடித்து வைப்பதில்லை. ஏப்ரல் 15 நெருங்கும்போதுதான் தெரிகிறது. பணம் அதற்குள் உணவாகவும் வாடகையாகவும் போய்விட்டிருக்கிறது.

2017-இல் வந்த வரிச் சட்டம் இந்தப் பிள்ளைகளை இன்னும் மோசமாக வதைத்தது. பெற்றோரின் விகிதத்துக்குப் பதிலாக, பணக்காரர்களின் டிரஸ்டுகளுக்கான விகிதத்தைக் கொண்டுவந்தார்கள். அது 37 சதவீதம் வரை போகும், அதுவும் மிகக் குறைந்த தொகையிலேயே. முழு உதவித்தொகையில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளும், போரில் இறந்த வீரர்களின் பிள்ளைகளும் அதில் அடிபட்டார்கள். குரல் எழுந்தது. 2019 டிசம்பரில் அது நீக்கப்பட்டது. 2018, 2019 கணக்குகளையும் பழைய முறையில் திருத்திக்கொள்ள வழி செய்தார்கள். திருத்திய குடும்பங்கள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. அந்தச் செய்தியே எட்டாத வீடுகளை எனக்குத் தெரியும்.

இங்கே ஒன்றை மனம் விட்டுச் சொல்ல வேண்டும். சங்கப் பொறுப்பில் இருப்பவர்களில் நம்மில் பலர் மென்பொருள் துறையில் நல்ல சம்பளம் வாங்குபவர்கள். இந்தக் கல்விக் கிரெடிட், கணவன் மனைவி சேர்ந்து எழுதும் கணக்கில் 160,000 டாலருக்கு மேல் குறையத் தொடங்கி, 180,000-இல் முற்றிலும் நின்றுவிடுகிறது. தனியாக எழுதுபவருக்கு 80,000-இல் தொடங்கி 90,000-இல் நிற்கிறது. நம் சொந்தக் கணக்கில் இது வராததால் நம் கண்ணுக்கும் படவில்லை. ஆனால் நாம் உதவித்தொகை கொடுப்பது யாருக்கு? கடையில் நிற்பவர், மோட்டலில் இரவுப் பணி பார்ப்பவர், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர், இவர்களுடைய வீட்டுப் பிள்ளைகளுக்கு. அவர்களுக்கு 2,500 டாலர் என்பது ஒரு செமஸ்டரின் வீட்டு வாடகை.

ஆகவே, அடுத்த கடிதத்தில் இப்படி எழுதுங்கள். ஆங்கிலத்தில் நீங்களே நன்றாக எழுதிக்கொள்வீர்கள், கருத்து இதுதான்: "இத்தொகையை மாணவர் தம் கல்லூரிக் கல்வி தொடர்பான எந்தச் செலவுக்கும், கட்டணம், புத்தகம், கருவிகள், தங்குமிடம், உணவு ஆகிய எதற்கும், பயன்படுத்தலாம். கட்டணமும் கட்டாயப் புத்தகமும் போக மற்றவற்றுக்குச் செலவாகும் பகுதி வருமான வரிக்கு உட்பட்டதாகலாம். இக்கடிதத்தையும் ரசீதுகளையும் பாதுகாத்து வையுங்கள்." பணம் தவறான வழியில் போய்விடுமோ என்ற கவலைக்கு வேறு வழி இருக்கிறது. முழுநேர மாணவர் என்ற சான்றையும் மதிப்பெண் பட்டியலையும் செமஸ்டர்தோறும் கேளுங்கள். நிதி கொடுத்தவரின் பத்திரத்திலேயே "கட்டணம் மட்டும்" என்று இருந்தால், அதை நீங்களாக மாற்ற முடியாது. அவரையும் வழக்கறிஞரையும் கேட்டுச் செய்யுங்கள்.

போட்டிப் பரிசுகளையும் இதோடு பாருங்கள். திருக்குறள் போட்டியிலும் பேச்சுப் போட்டியிலும் வென்ற பிள்ளைக்கு, "கல்வி உதவித்தொகை" என்று எழுதிய பெரிய அட்டைக் காசோலையை மேடையில் கொடுக்கிறோம். கல்விக்குத்தான் செலவிட வேண்டும் என்ற நிபந்தனை இல்லாவிட்டால், சட்டத்தின் கண்ணில் அது பரிசு. பரிசு முழுவதும் வருமானம். உதவித்தொகை என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது. "கல்லூரிக் கல்விச் செலவுக்காக" என்ற நிபந்தனையும் கடிதத்தில் இருக்க வேண்டும்.

ஊரிலிருந்து எஃப்-1 விசாவில் வந்திருக்கும் மாணவர்களின் கணக்கு முற்றிலும் வேறு. கோயம்புத்தூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த பிள்ளைகள், வந்த முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்குப் பொதுவாக வரிச் சட்டப்படி இந்நாட்டில் குடியிருப்போர் அல்லர். அவர்களுக்கு மேலே சொன்ன கிரெடிட் இல்லை. 1040-என்.ஆர். படிவம் எழுத வேண்டும். கூடவே 8843-ஆம் படிவமும். தங்குமிடத்துக்குக் கிடைக்கும் உதவித்தொகையில் கல்லூரியே 14 சதவீதம் பிடித்துக்கொண்டு, மார்ச் மாதத்தில், பிடித்த வரியைக் காட்டும் 1042-எஸ் என்ற தாளைக் கொடுக்கும். அந்தத் தாள் என்னவென்று தெரியாமல் மேசை அறையில் போட்டுவைத்த பிள்ளைகளை நான் சந்தித்திருக்கிறேன். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவால், இந்திய மாணவர்கள் நிலையான கழிவை எடுத்துக்கொள்ளலாம். மற்ற பெரும்பாலான நாட்டு மாணவர்களுக்கு இந்த வசதி இல்லை. கழிவைப் போட்டுக் கணக்கு எழுதினால், பிடித்த பணத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் கேட்டால் பழைய பணத்தையும் வாங்கலாம். கேட்காதவருக்கு யாரும் கொண்டுவந்து கொடுப்பதில்லை. ஒரு எச்சரிக்கையும் உண்டு. இப்படிப்பட்ட மாணவருக்கு உங்கள் சங்கமே வாழ்க்கைச் செலவுக்குப் பணம் கொடுத்தால், வரி பிடித்துக் கட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். கொடுப்பதற்கு முன்னால் ஒரு கணக்காளரைக் கேட்டுவிடுங்கள்.

ஆராய்ச்சி மாணவர்களுக்கும் ஒரு சொல். ஆசிரியப் பணிக்காகச் சம்பளம் வாங்கினால் டபிள்யூ-2 என்ற சம்பளப் படிவம் வரும், வரியும் பிடிப்பார்கள். வேலையோடு ஒட்டாத ஃபெல்லோஷிப்பாக வாங்கினால், உள்நாட்டு மாணவருக்கு எதுவும் பிடிக்க மாட்டார்கள். காலாண்டுக்கு ஒருமுறை அவர்களே வரியைக் கட்ட வேண்டியிருக்கும். வரிக் கணக்கில் இந்தப் பணத்துக்கு முன்பு தனி இடமே கிடையாது. சம்பளத்தை எழுதும் வரிசையின் ஓரத்தில் மூன்று எழுத்துகளைக் கையால் எழுத வேண்டியிருந்தது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்துதான் ஷெட்யூல் 1 என்ற இணைப்புப் படிவத்தில் 8-ஆர் என்ற தனி வரிசை வந்தது. அந்த வரிசையின் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாலே பாதிப் பிள்ளைகளின் பயம் போய்விடுகிறது.

கடைசியாக எனக்கு ஒரு மேசை வேண்டும். கல்லூரிகள் 1098-டி படிவத்தை ஜனவரி 31-க்குள் கொடுக்க வேண்டும். நம் சங்கங்கள் பல பொங்கல் விழாவை அதை ஒட்டித்தான், மண்டபம் கிடைக்கும் சனிக்கிழமை பார்த்து நடத்துகின்றன. கோலப் போட்டிக்கும் உணவு வரிசைக்கும் நடுவே, மின்சார இணைப்பு இருக்கும் சுவரோரமாக ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் போட்டுக் கொடுங்கள். அழைப்பிதழில், "கல்லூரி மாணவர்கள் 1098-டி, உதவித்தொகைக் கடிதம், புத்தக ரசீதுகள் ஆகியவற்றைக் கைப்பேசியிலாவது கொண்டு வரவும்" என்று சேர்த்துவிடுங்கள். அங்கே நான் யாருடைய கணக்கையும் எழுதப்போவதில்லை. அதற்கு முறைப்படி நூலகத்துக்கு வர வேண்டும், அது இலவசம்தான். முதல் கட்டத்தையும் ஐந்தாம் கட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, கடிதத்தைப் படித்து, எங்கே போய் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவேன். எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு நான் வருகிறேன். உங்கள் ஊரிலும் வீட்டா சான்றிதழ் வாங்கிய தமிழர் ஒருவராவது இருப்பார். இல்லாவிட்டால் ஆளைத் தேர்ந்தெடுங்கள், பயிற்சிக்கு எந்த உதவி வேண்டுமானாலும் நான் செய்கிறேன்.

இந்த ஆண்டுக்கான உதவித்தொகைக் கடிதத்தை மார்ச் மாதத்தில் தயாரிப்பீர்கள். அச்சுக்குப் போவதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், அன்று இரவே படித்துப் பதில் எழுதுகிறேன். பொங்கலன்று காலை 10 மணிக்கே மண்டபத்துக்கு வந்துவிடுவேன். மேசையை நானே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன், ஒரு கல்லூரி மாணவியின் தந்தை